சிவப்பு விளக்கைக் கழற்றியது யார்?



சம்பளப் பேச்சு, லயத்துக் கூரை, தண்ணீர்க் குழாய் என்று எழுதிக்கொண்டிருப்பவன் இந்த வாரம் ஒரு கிழட்டு வண்டியைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். 'சங்கத்துக்காரனுக்கு வண்டி வேலையைப் பற்றி என்ன தெரியும்?' என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றும் தெரியாது. தெரியாதவன் வாயைத் திறந்ததால் வந்த வினைதான் இது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில், கடலோரப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் 1917-ல் செம்பனை போட்ட தென்னமரம் தோட்டம் இருக்கிற அதே வட்டாரம்தான். நான் சொல்வது அந்தத் தோட்டமல்ல. பெயர் வேண்டாம். மெயின் ரோட்டிலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே, 26 குடும்பம். போனில் லைன் பிடிக்க வேண்டுமென்றால் கோயிலுக்குப் பின்னால் உள்ள வரப்பின் மேலே ஏறி நிற்க வேண்டும். நிர்வாகம் வண்டி கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டேயிருக்கிறோம். அது வேறு கதை, இன்னொரு வாரம் எழுதுகிறேன்.

அங்கே மக்களுக்கென்று இருந்த ஒரே வண்டி ஒரு டட்சன் 620 பிக்அப். 1972 முதல் 1979 வரை ஜப்பானில் செய்த ரகம் அது. என்னைவிட மூத்தது! பழைய நிர்வாகம் தோட்டத்தைக் கைமாற்றிவிட்டுப் போகும்போது கழிவு விலைக்குப் போட்ட வண்டியை, மண்டோர் ஒருவர் பெயரில் கூட்டாக வாங்கிப் போட்டார்கள். கோயில் சாமான், கல்யாண வீட்டுச் சட்டிபானை, அரிசி மூட்டை எல்லாம் அதில்தான். ராத்திரியில் யாருக்காவது முடியவில்லையென்றாலும் அதுதான்.

2021 டிசம்பரில் சிலாங்கூரையே முழுக்கிய வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு ஒரு வாரம் முன்னால், கூட்டம் முடிய நேரமாகி, மழையும் பிடித்துக்கொண்டதால் நான் அந்தத் தோட்டத்திலேயே ஒரு வீட்டில் படுத்திருந்தேன். ராத்திரி ஒன்றரை மணி இருக்கும், கதவைத் தட்டினார்கள். நாற்பது வருஷம் பால்மரம் வெட்டி, பிறகு செம்பனையிலும் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவர். எல்லாருக்கும் தாத்தா. வாய் ஒரு பக்கம் கோணிப்போய், பேச்சு குழறி, வலது கையைத் தூக்க முடியாமல் கிடந்தார். இந்த மூன்றையும் ஒரு ஆளிடம் பார்த்தால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அது வாதம். மூளைக்குப் போகிற இரத்தம் அடைபட்டிருந்தால், அடைப்பைக் கரைக்கிற மருந்து முதல் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன்.

மகன் வண்டியை ஓட்ட, நடுவில் தாத்தாவை உட்கார வைத்து நான் அணைத்துப் பிடித்துக்கொண்டேன். மழை, இருட்டு, செம்மண் பாதை. இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம், பெரிய விளக்கு மஞ்சளாக மங்கியது. வைப்பர் மெள்ள மெள்ள நகர்ந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. எஞ்சின் இரண்டு தடவை இருமியது. அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தம் கூட இல்லை.

மகன் மழையில் ஓடினார். லைன் கிடைத்து ஆம்புலன்சுக்குச் சொன்னபோது, குறுக்குப் பாதையில் தண்ணீர் ஏறிவிட்டது என்றார்கள். விடியற்காலையில் பழம் ஏற்ற வந்த லோரிதான் எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்போது மணி ஆறே முக்கால்.

தாத்தா பிழைத்தார். வலது கை பிழைக்கவில்லை.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். 'அந்தச் சனியனைப் பழைய இரும்புக்குப் போடுங்கள்' என்றார்கள் பாதிப் பேர். இரும்புக்குப் போட்டால் கிடைக்கிற காசில் வேறு வண்டி வராது என்றார்கள் மீதிப் பேர். இழுத்தடித்துக்கொண்டிருந்த பேச்சை முடித்து வைத்தது, கடைசி லயத்தில் இருக்கிற ஒரு பத்தொன்பது வயதுப் பையன். படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன். யாரும் அவனிடம் கருத்துக் கேட்டதில்லை; கேட்டாலும் சொல்கிற ஆளில்லை. ஊரில் பாதிக் காற்றாடியும் மோட்டார்சைக்கிளும் அவன் கைபட்டு ஓடுகிறவைதான். "வண்டிக்கு ஒண்ணுமில்ல, சார்ஜ்தான் ஏறல. நான் பாக்கட்டுமா?" என்றான். குடும்பத்துக்கு 50 வெள்ளி என்று பேசி 1,300 வெள்ளி சேர்த்தோம். தோட்டத்துப் பட்டறையில் முப்பது வருஷம் போமனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர், தானே வந்து துணைக்கு நின்றார்.

இரும்பு வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியில் வருஷக்கணக்காக உர மூட்டை ஏற்றியிருக்கிறார்கள். பொட்டாஷ் உரம் உப்பு ஜாதி. ஈரம் பட்டால் இரும்பைத் தின்றுவிடும். கடற்காற்று வேறு. பின்தட்டைச் சுத்தியலால் தட்டினால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. துருவின் மேல் சாயம் அடிப்பது புண்ணின் மேல் பவுடர் போடுவது மாதிரி என்று போமன் சொன்னார். பளபளப்பான இரும்பு தெரிகிற வரைக்கும் வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தார்கள். வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரிக் கம்பியையும் ஆல்டர்னேட்டர் கம்பியையும் கழற்றிவிட்டார்கள். கழற்றாமல் வைத்தால் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கிற டயோடு எரிந்துபோக வழியுண்டு. பிரேக்கை முழுக்கப் பிரித்து ரப்பர்களை மாற்றினார்கள். ஓடாத வண்டியால் ஆபத்தில்லை, நிற்காத வண்டியால்தான் ஆபத்து என்று அதைத்தான் முதலில் செய்தார்கள்.

அதன் பிறகுதான் கம்பி வேலை. ஐந்து வாரம், வேலை முடிந்து வந்த பொழுதுகளில். தாத்தாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்துவிடுவார்கள். இடது கையில் டார்ச்லைட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சு சரியாக வராது. வெளிச்சம் மட்டும் ஆடாது.

முதல் நாள் பேட்டரியின் எர்த் பக்கத்தை, அதாவது நெகட்டிவ் கம்பியை, முதலில் கழற்றினார்கள். மாட்டும்போது அது கடைசி. ஏன் தெரியுமா? வண்டியின் உடம்பு முழுவதும் எர்த். பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்கும். பேட்டரியிலிருந்து வருகிற வாயு தீப்பிடிக்கிற ஜாதி. சிகரெட்டோடு குனிந்து பேட்டரி பார்க்கிற தோழர்கள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

பிறகு டேஷ்போர்டைத் திறந்தான் பையன். அப்பப்பா! பழைய தவுக்கே கூடு தோற்றுவிடும். ஆளாளுக்கு ஒரு கம்பியை இழுத்து, முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். டேப்பு வெயில் சூட்டில் இளகிப் பிசினாக ஒழுக, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. பழைய ஜப்பான் வண்டிகளில் கம்பியின் நிறத்துக்குப் பெரும்பாலும் ஓர் ஒழுங்கு உண்டு: கறுப்பு எர்த், சிவப்பு விளக்கு, பச்சை சிக்னல், வெள்ளை சார்ஜ். இங்கேயோ கையில் கிடைத்த ஸ்பீக்கர் கம்பி, வீட்டுக் கம்பி எல்லாம் போட்டிருந்தார்கள். பியூஸ் பெட்டியில் ஒரு பியூசுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டியின் வெள்ளிக் காகிதம்! பியூஸ் என்பது கோளாறு வந்தால் முதலில் தான் எரிந்து வண்டியைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. அது அடிக்கடி எரிகிறதென்றால் எங்கேயோ ஒரு கம்பி உடம்பில் உரசுகிறது என்று அர்த்தம். வெள்ளிக் காகிதம் எரியாது. அதற்குப் பதில் கம்பி எரியும், அப்புறம் ஸீட்டு எரியும்.

பையன் ஒன்றையும் உடனே வெட்டிப் போடவில்லை. பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்து, ஒவ்வொரு கம்பியும் எங்கே புறப்படுகிறது, எந்தப் பியூஸ், எந்த சுவிட்சு, எங்கே போய் முடிகிறது என்று படம் போட்டான். "ஒரு கம்பியப் புடிச்சா அது முடியிற வரைக்கும் விடக்கூடாதுண்ணே" என்றான் என்னிடம். இரண்டு வாரம் வெறும் படம்தான். பொறுமையில்லாதவர்கள் வந்து பார்த்துவிட்டு, 'இவன் வண்டி செய்யிறானா, பரீட்சை எழுதுறானா' என்று கேலி பேசிவிட்டுப் போனார்கள்.

சார்ஜ் ஏறாத காரணம் மூன்றாவது வாரம் கிடைத்தது. அந்த வண்டியில் ஆல்டர்னேட்டரைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் எஞ்சின் பக்கத்தில் தனிப் பெட்டியாக இருக்கிறது. அதற்குப் போகிற கம்பி ஒன்றை எலி கடித்திருந்தது. செம்பனையில் எலிக்கா பஞ்சம்? எலி பிடிக்க ஆந்தைக்கே பெட்டி கட்டி வைக்கிறார்கள் தோட்டங்களில்! கம்பி முழுக்க அறுபடவில்லை. இரண்டு இழையில் தொங்கி, குலுங்கும்போது பட்டும் படாமலும் இருந்து, கடைசியில் விட்டுப்போயிருக்கிறது. அதற்கப்புறம் வண்டி பேட்டரியில் சேர்த்து வைத்ததைச் சாப்பிட்டுத்தான் ஓடியிருக்கிறது. பகலில் தெரியாது. ராத்திரி பெரிய விளக்கு இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட 100 வாட், அதாவது 8 ஆம்பியர் இழுக்கும். வைப்பர், பின்விளக்கு, எஞ்சினுக்குப் பொறி போடுகிற காயில் எல்லாம் சேர்ந்தால் 15 ஆம்பியர் பக்கம் வந்துவிடும். வற்றிப்போன பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? டீசல் வண்டியென்றால் விளக்கு இல்லாமலாவது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். பெட்ரோல் வண்டிக்குப் பொறி நின்றால் எல்லாம் நின்றது.

"இதுக்கெல்லாம் டேஷ்போர்டுல ஒரு செவப்பு விளக்கு எரியுமே. சார்ஜ் ஏறலன்னா அதுதானே சொல்லும்?" என்று கேட்டார் போமன். பையன் மீட்டர்களுக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினான். "ஹோல்டர் இருக்கு, பல்பு இல்லண்ணே. யாரோ கழட்டிட்டாங்க" என்றான்.

என் அடிவயிற்றில் ஏதோ செய்தது. ஒரு வருஷத்துக்கு முன்னால் கூட்டத்துக்கு நாற்காலி ஏற்றிவர இதே வண்டியில் நான் போயிருந்தேன். வழியெல்லாம் அந்தச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எரிச்சல். "என்னா இது, சும்மா மினுக்கிக்கிட்டு. வண்டிதான் நல்லா ஓடுதே, அந்தப் பல்பப் புடுங்கிப் போடு" என்று ஓட்டியவரிடம் சொன்னவன் நான்தான். சங்கத்துக்காரர் சொல்கிறாரே என்று அவரும் புடுங்கிப் போட்டார். எலி கடித்த கம்பி அன்றைக்கே எச்சரித்திருக்கிறது.

மேனேஜரிடம் மனுக் கொடுக்கிற ஆளை 'தொல்லை' என்று ஒதுக்கி வைத்தால், 'கோளாறைச் சொல்கிற ஆளை ஒதுக்கினால் கோளாறு போய்விடுமா?' என்று மேடையில் கேட்கிறவன் நான். அந்த வாயாலேயே இதைச் சொல்லியிருக்கிறேன். தாத்தா முன்னால் போய் உட்கார்ந்து, "நான்தான் கழட்டச் சொன்னேன் பெரியப்பா" என்றேன். அவர் டார்ச்லைட்டை என் முகத்தில் கொஞ்ச நேரம் அடித்தார். பிறகு வெளிச்சத்தைப் பையனின் கைப்பக்கம் திருப்பிவிட்டார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்கு இன்று வரைக்கும் தெரியாது.

மீதி வேலைக்கு வருகிறேன். பின்விளக்கில் ஒரு வேடிக்கை. பிரேக்கை மிதித்தால் சிக்னல் விளக்கு மங்கலாக எரிகிறது. சிக்னல் போட்டால் பின்விளக்கு அணைந்து அணைந்து எரிகிறது. பேய் பிடித்துவிட்டது என்று ஒருவர் எலுமிச்சம்பழம் வரைக்கும் போய்விட்டார். போமன் சிரித்தார். "எர்த்தப் பாரு" என்றார். விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டும். அந்த வழி வண்டியின் இரும்பு உடம்பு. விளக்கை உடம்போடு சேர்க்கிற இடத்தில் துரு பிடித்துவிட்டால், கரண்ட் வேறு வழி தேடி அடுத்த பல்பு வழியாகப் புகுந்து போகும். அதனால்தான் இந்தக் குளறுபடி. நாம் என்ன செய்கிறோம்? பல்பை மாற்றுகிறோம், சுவிட்சை மாற்றுகிறோம், கடைக்காரனைத் திட்டுகிறோம். கோளாறு திரும்பி வருகிற வழியில் இருக்கிறது!

பார்ப்பதும் கஷ்டமில்லை. விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை விளக்கின் எர்த் பக்கத்திலும் வையுங்கள். கிட்டத்தட்டச் சுழி காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. எங்கள் வண்டியில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கத் தேய்த்து, புது முனை வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் பூசினார்கள். எஞ்சினிலிருந்து உடம்புக்குப் போகிற தடித்த எர்த் கம்பியும் நைந்துபோயிருந்தது, அதையும் மாற்றினார்கள். மொத்தச் செலவில் இதுதான் மிகக் குறைவு. விளக்கு பளிச்சென்று வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள்.

பெரிய விளக்கின் கரண்ட் முழுவதும் டேஷ்போர்டு சுவிட்சு வழியாகவே போய்க்கொண்டிருந்ததால் சுவிட்சு கருகியிருந்தது. அதனால் ஒரு ரிலே வைத்தான். சுவிட்சு ரிலேயை மட்டும் தட்டிவிடும்; விளக்குக்கு வேண்டிய கரண்ட் பேட்டரியிலிருந்து ஒரு பியூஸ் வழியாகத் தடித்த கம்பியில் நேரே போகும். இணைப்பு ஒவ்வொன்றையும் முறுக்கி விடாமல் முனை நசுக்கி, ஈயம் பற்றவைத்து, சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கிற குழாயைப் போட்டான். தகட்டில் துளை வழியாகக் கம்பி போகிற இடமெல்லாம் ரப்பர் வளையம். இல்லாவிட்டால் அந்தத் தகட்டின் விளிம்பே எலியின் வேலையைச் செய்துவிடும்.

எல்லாம் முடிந்து எஞ்சினை ஓடவிட்டு பேட்டரியில் மீட்டரை வைத்தார்கள். 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே. 13.8 முதல் 14.4 வரைக்கும் நல்லது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு பேட்டரியைக் கொதிக்க வைக்கிறது என்று அர்த்தம். உங்கள் தோட்டத்தில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தடவை இதைப் பார்த்தால் போதும், ராத்திரியில் பாதி வழியில் நிற்க வேண்டியிராது. மீட்டர் ஒன்று முப்பது நாற்பது வெள்ளிக்குக் கிடைக்கும்.

சோதனை நிலையத்தில் காட்டி, இன்சூரன்சும் ரோட்டாக்சும் எடுத்த பிறகுதான் வண்டியை வெளியே விட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: வண்டி நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பின்தட்டில் ஆளேற்றாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பின்னாலிருந்து விழுந்து செத்தவர்களின் வீட்டுக்கு நஷ்டஈடு கேட்டு அலைந்தவன் நான். சாமான் பின்னால், ஆள் முன்னால்.

பையன் கதை இன்னும் இருக்கிறது. அவன் கைவேலையைப் பார்த்த பட்டணத்து ஒர்க்ஷாப் ஒன்றில் வேலை கேட்டோம். 'சர்டிபிகேட் இருக்கிறதா?' என்றார்கள். இல்லையென்று தலையைக் குனிந்துகொண்டான். இங்கேதான் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒரு வழியைச் சொல்ல வேண்டும். தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம், 2006-ன் கீழ் மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது 'சிஜில் கெமாஹிரான் மலேசியா' கொடுக்கிறார்கள். வகுப்பில் உட்கார்ந்துதான் வாங்க வேண்டும் என்பதில்லை. வேலையில் பழகித் தேர்ந்தவர்களுக்கு 'பெங்இக்திராஃபான் பெஞ்சாபாயான் தெர்டாஹுலு' என்று ஒரு வழி இருக்கிறது. சுருக்கமாக 'பிபிடி' என்பார்கள். செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்தால், அதிகாரி பார்த்துச் சோதித்து மதிப்பிடுவார். விவரத்தை 'ஜபாத்தான் பெம்பாங்குனான் கெமாஹிரான்' அலுவலகத்தில் கேளுங்கள். மலாயில் பாரம் எழுதத் தயக்கமாக இருந்தால் சங்க ஆபீசுக்கு வாருங்கள், உட்கார்ந்து எழுதுவோம்.

படம் போட்ட அந்தப் பள்ளிக்கூட நோட்டு இப்போது அவனுடைய ஆதாரக் கட்டில் முதல் தாளாக இருக்கிறது. கேலி பேசியவர்களில் ஒருவர்தான் அதற்கு அட்டை போட்டுக் கொடுத்தார்.

வண்டியை முதன்முதலில் எடுத்த அன்று தாத்தாவை முன் ஸீட்டில் உட்கார வைத்தோம். பையன் சாவியை ஒரு கட்டம் திருப்பினான். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் பிடித்ததும் அணைந்தது. தாத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையை ஆட்டி, மறுபடி நிறுத்திக் காட்டச் சொன்னார். நிறுத்தினான். மறுபடி சாவியைத் திருப்பினான். எரிந்தது, அணைந்தது. மூன்றாவது தடவையும் பார்த்துவிட்டுத்தான் "போ" என்றார்.